அமர்வைச் சேமி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்று காலை ஒன்பதரை மணிக்கு, கள்ளக்குறிச்சியில் என் சித்தப்பாவின் வக்கீல் ஆபீசில், இரண்டு காதும் சுட்டன. பெஞ்சில் கட்சிக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் டைப்பிஸ்ட் அக்காவைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏன்க்கா, ஸ்கிரீன்ல தமிழ்லதான எழுதியிருக்கு? படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

அதற்கு அவர் சொன்ன பதில் இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால், தமிழ் பேசும் அந்தக் கணினி அங்கே எப்படி வந்து உட்கார்ந்தது என்று சொல்ல வேண்டும். உட்கார வைத்தவனே நான்தான்.

நான் வீட்டிலிருந்தபடியே வெளியூர் கம்பெனி ஒன்றுக்கு சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் ஓடுபவை. என் சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை இதன் அர்த்தம், பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் என்னைக் கூப்பிடலாம் என்பதுதான். சித்தப்பாவின் ஆபீஸ் கோர்ட்டுக்கு எதிரே மாடியில் இருக்கிறது. கீழே ஜெராக்ஸ் கடை. அந்தக் கடைக்குப் போய்வரும் பென் டிரைவ் வழியாக வாரத்துக்கொரு வைரஸ் மாடி ஏறி வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்துக் கொடுத்து எனக்கு அலுத்துப் போனது. பழைய கணினி வேறு, பட்டனை அமுக்கிவிட்டு டீ குடித்து வந்தாலும் எழுந்திருக்காது. அதனால் ஒருநாள் மொத்தத்தையும் அழித்துவிட்டு லினக்ஸ் போட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். "தமிழ்லயே போட்டுத் தரேன் சித்தப்பா" என்று மெனக்கெட்டு எல்லா மெனுவையும் தமிழில் வைத்தேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்தத் தமிழ் என்னுடையது. ஐந்து வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில், லினக்ஸின் ஒரு டெஸ்க்டாப்பை, அதாவது திரையில் தெரியும் மெனு, பட்டன் எல்லாவற்றையும், உட்கார்ந்து மொழிபெயர்த்திருந்தேன். சம்பளம் கிடையாது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் செய்யலாம், யாரும் செய்வதில்லை. தமிழுக்கென்று ஆரம்பத்தில் நாலைந்து பேர் இருந்தோம். ஒவ்வொரு சொல்லுக்கும் மின்னஞ்சலில் அடிதடி. செஷன் என்பதற்கு என்ன சொல் வைப்பது என்று மட்டும் இரண்டு வாரம் சண்டை போட்டோம். செஷன் என்றே விட்டுவிடலாம் என்றார் ஒருவர். வருகை என்றார் இன்னொருவர். நான் அமர்வு என்று ஒற்றைக் காலில் நின்றேன். நல்ல தமிழ், சின்னச் சொல், பட்டனுக்குள் அடங்கும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். கடைசியில் நான்தான் ஜெயித்தேன். மற்றவர்கள் களைத்துப் போனார்கள் என்பதே சரி. அதற்கப்புறம் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, நான் மட்டும் மிச்சம்.

இந்த ஐந்து வருடத்தில் என் மொழிபெயர்ப்பை ஒரு மனிதர் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. என் கணினியே ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆக, டைப்பிஸ்ட் அக்காதான் என் முதல் வாசகர்.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். சித்தப்பா கோர்ட் வராந்தாவில் நடந்துகொண்டே சொல்வதைக்கூட மனதில் வாங்கி வந்து, ஒரு பிழையில்லாமல் அடித்து வைப்பார். அந்த ஆபீசில் இருபது வருடமாக அவர் கண்ணில் பட்டதெல்லாம் கோர்ட் தமிழ், சர்க்கார் தமிழ். இது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

முதலில் நான் போட்டுக் கொடுத்தது எனக்குப் பிடித்த விண்டோ மேனேஜர். திரையில் எந்த ஜன்னல் எங்கே நிற்க வேண்டும், எது மேலே வர வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் நிரலுக்கு அதுதான் பெயர். என்னுடையதில் மூட ஒரு பெருக்கல் குறி, சுருக்க ஒரு கோடு என்று எதுவும் இருக்காது. எல்லாம் விசைப்பலகையில்தான். ஜன்னல்கள் தாமாகவே திரையைப் பாதி பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும். எனக்கு அது சொர்க்கம். அக்கா மூன்றாம் நாள் போன் செய்தார்.

"தம்பி, நான் அடிச்சிக்கினு இருந்த மனு காணோம். ஏதோ ஒரு கட்டைய அமுக்கினேன், அப்டியே சுவத்துக்குள்ள போயிடுச்சி. இன்னா பண்ணட்டும்?"

போய்ப் பார்த்தால் இரண்டாவது ஒர்க்ஸ்பேசில் பத்திரமாக இருந்தது. ஒரே திரையை நாலு திரைபோல வைத்துக்கொண்டு வேலை செய்யும் வசதி அது. எனக்கு எரிச்சலான எரிச்சல். இவ்வளவு அருமையான ஒன்றை இவர்களுக்குப் பாராட்டத் தெரியவில்லையே என்று முனகிக்கொண்டே அதை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் பழக்கமான வகையில் ஒன்றைப் போட்டேன். ஜன்னலுக்குத் தலைப்பு, பெருக்கல் குறி, கீழே ஒரு பட்டை. அதில்தான் என் தமிழ் முழுசாகத் தெரியும். உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது.

அக்கா ஒரு ஜன்னலின் தலைப்பில் வலது பக்கம் சொடுக்கி, வந்த பட்டியலை வாய்விட்டுப் படித்தார்.

"இன்னா தம்பி இது, 'சாளரத்தை மேலே வை'. சாளரம்னா?"

"ஜன்னல்க்கா."

"அப்ப ஜன்னல்னே எழுத வேண்டியதுதானே." அடுத்த வரியைப் படித்துவிட்டு ஒரேயடியாகச் சிரிக்க ஆரம்பித்தார். "'இரண்டாம் பணியிடத்துக்கு மாற்று'. சார், இங்க வாங்க! என்னைய டிரான்ஸ்பர் பண்ணப் போவுதாம் உங்க மிஷினு!"

ஒர்க்ஸ்பேசுக்கு நான் வைத்த சொல் பணியிடம். சர்க்கார் வேலையில் பணியிட மாற்றம் என்றால் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும் சமாச்சாரம். சித்தப்பாவும் வந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டில் போய்ச் சொல்லி அங்கேயும் சிரிக்க வைத்தேன். அதைச் சிரிப்போடு விட்டேனே தவிர, இவர் ஒவ்வொரு சொல்லையும் கோர்ட்டுச் சொல்லாகவும் சர்க்கார் சொல்லாகவும்தான் படிக்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. இரண்டு மூன்று விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அதில் ஒன்று, பிரின்ட் எடுப்பதற்கு முன்னால் கன்ட்ரோலும் எஸ்ஸும் அமுக்கிச் சேமித்துவிட வேண்டும் என்பது. அக்கா அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். பிரின்ட் எடுப்பதற்கு முன்னால் மட்டும்.

அப்போதுதான் சித்தப்பாவின் கட்சிக்காரரான ஓர் அம்மாவின் வழக்கு கடைசி வாய்தாவுக்கு வந்தது.

அந்த அம்மா கல்வராயன்மலைக்காரர். வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி ஊர். புருஷன் இல்லை. மரவள்ளி போடும் நிலத்தில் பாதியைப் பக்கத்து நிலத்துக்காரன் கம்பிவேலி போட்டு வளைத்துக்கொண்டான். வழக்கு மூன்று வருடமாக நடக்கிறது. அவர் தரப்புச் சாட்சியமாக அவருடைய வாக்குமூலத்தை எழுத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய், மழையில் மலைப்பாதை சரிந்து, சித்தப்பாவுக்கு வேறு கோர்ட்டில் வேலை இருந்து, இப்படியே வாய்தா வாய்தாவாகத் தள்ளிப் போய்விட்டது. அடுத்த தடவையும் தாக்கல் செய்யாவிட்டால் வழக்கையே தள்ளுபடி செய்துவிடுவேன் என்று நீதிபதி சொல்லிவிட்டார். வழக்கு போனால் நிலம் போனது மாதிரிதான்.

வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்னால் அந்த அம்மா இறங்கி வந்தார். அன்று மாலை நானும் ஆபீசில் இருந்தேன். கோப்பைத் திறந்து பெயரிட்டுக் கொடுத்ததே நான்தான். கோர்ட் பெயர், வழக்கு எண், வாதி, பிரதிவாதி, "மேற்படி வாதியாகிய நான் சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம்" என்று முதல் பக்கத்தை அக்கா அடித்ததும், நானே சேமித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் முழுக்க அந்த அம்மா சொல்லச் சொல்ல அக்கா அடித்தார். அந்த அம்மா முந்தின இரவு கச்சிராயபாளையத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, காலையில் முதல் ஆளாக வந்திருந்தார். பிரின்டருக்கு மை மாற்றுவதற்காகப் பகல் மூன்று மணிக்கு நான் போனேன். அந்த அம்மா நிலத்தின் நான்கு எல்லையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கிழக்கே ஓடை. வடக்கே சாமைக்காடு. தெற்கே வண்டிப்பாதை. மேற்கே ஒரு கடுக்காய் மரம். அங்கே வந்ததும் பேச்சு நின்றது. அக்காவின் விரல்களும் நின்றன.

"அந்த மரத்தடியிலதாங்க எம் பொண்ண வெச்சிருக்கேன். மூணு வயசு. காய்ச்சலு. பஸ்சு இல்ல அப்ப, தோள்ல தூக்கிக்கினு எறங்கினோம். பாதி வழியில போயிடுச்சி. திருப்பித் தூக்கிக்கினு போயி அங்கயே வெச்சோம். கல்லு நட்டிருக்கு. வருசா வருசம் நான்தான் மஞ்ச பூசறேன். என் நெலமா இல்லாட்டி அங்க எப்டிங்க வெப்பேன்?"

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் நடந்தது. சொல்லும்போது அழவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அக்கா நிமிர்ந்து பார்க்காமல் அடித்தார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா எழுந்து வந்து, "இத ஏம்மா இத்தன நாளா எங்கிட்ட சொல்லல?" என்றார். "அப்படியே, அவங்க சொன்ன மாதிரியே அடிம்மா. மேற்கெல்லைக்கு இதுக்கு மேல ஒரு சாட்சியம் வேணாம்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். வேலி நின்றது அந்த மேற்குப் பக்கத்தில்தான்.

நான் மை மாற்றிவிட்டுக் கிளம்பினேன். சாயங்காலம் வாக்குமூலம் முடிந்தபோது கடைசி டவுன் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. காலையில் வந்து பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம், படித்துக் காட்டி அந்த அம்மாவின் கைநாட்டு வாங்கிப் பத்தரைக்குக் கோர்ட்டில் கொடுத்துவிடலாம் என்று அக்கா கணினியிலிருந்து வெளியேறினார். அந்த அம்மா மலைக்குப் போகும் பஸ் ஏறினார். வீட்டில் ஆடு மாடு இருந்தது.

காலையில் அக்கா போன் செய்த குரலே சரியில்லை. ஓடினேன். ஜன்னல் நேற்று எங்கே இருந்ததோ அங்கேயே, அதே அகலத்தில் திறந்திருந்தது. தலைப்பில் அதே கோப்புப் பெயர். உள்ளே முதல் பக்கம் மட்டும். நான் சேமித்தது மட்டும்.

தேடாத இடமில்லை. நிரல் பாதியில் நின்றுபோனால் மீட்டுத் தர ஒரு ரகசியப் பிரதி வைத்திருக்கும். ஆனால் சேமிக்க வேண்டாம் என்று நாமே சொல்லிவிட்டால், சொன்ன பேச்சைக் கேட்டு அதையும் அழித்துவிடும். அழித்திருந்தது. ஆக, இவர் "சேமிக்காதே" என்ற பட்டனை அமுக்கியிருக்கிறார். அப்போதுதான் காது சூடாகி, ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கத்தலைக் கத்தினேன். படிக்கத் தெரியாதா உங்களுக்கு?

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"படிச்சிட்டுதான் தம்பி அமுக்கினேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் வெளியேறும் பட்டனை அமுக்கிக் காட்டினார். ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதில் டிக் போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் 'இந்த அமர்வைச் சேமி' என்று இருந்தது.

"அமர்வுன்னா கோர்ட்டுதானே? எதுத்தாப்ல போர்டுல எழுதியிருக்கே, மாவட்ட மற்றும் அமர்வு நீதிமன்றம்னு. கோர்ட்டுக்குன்னு அடிச்சத சேமிக்கவான்னு கேக்குது, சேமின்னு டிக் போட்டேன்."

"சரி. அதுக்கப்பறம் இன்னொண்ணு கேட்டிருக்குமே? ஆவணத்தைச் சேமிக்கவான்னு?"

"கேட்டுச்சி. ஆவணம்னா பத்திரம், பட்டா, கிஸ்தி ரசீது. சார் லிஸ்ட்டு போடுவாரே, வாதி தரப்பு ஆவணங்கள்னு. நான் அடிச்சது வாக்குமூலம். ஆவணம் எதையும் நம்ம அடிக்கலயே, இத இன்னாத்துக்கு கேக்குதுன்னு வேணாம்னு குடுத்தேன்." மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, "தப்பா தம்பி?" என்றார்.

தப்பு இல்லை. கோர்ட்டுத் தமிழ்படி அவர் படித்தது ஒவ்வொன்றும் சரி. அந்தக் கணினியில் அமர்வு என்றால் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரையிலான நேரம். அதைச் சேமி என்றால், என்னென்ன ஜன்னல் எங்கெங்கே திறந்திருந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் அதே இடத்தில் திறந்து வைக்கும். ஜன்னலை மட்டும். ஜன்னலுக்குள் ஒரு தாய் சொன்னதா, ஒன்றுமே இல்லையா என்று அதற்குத் தெரியாது. இதையெல்லாம் தெரிந்த நான்தான், நல்ல தமிழ், சின்னச் சொல் என்று இரண்டு வாரம் சண்டை போட்டு அந்தச் சொல்லை அங்கே வைத்தேன். கள்ளக்குறிச்சிக்காரன், கோர்ட்டுக்கு எதிரே சித்தப்பா ஆபீஸ், சின்ன வயதிலிருந்து அந்த போர்டைப் பார்த்து வளர்ந்தவன். ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. என் காதில் இருந்த சூடு முகமெல்லாம் பரவியது.

சித்தப்பா கோட்டை மாட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "இன்னா, பிரின்ட் ரெடியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டார். "நான்தான் சார், தப்பா அமுக்கிட்டேன். எல்லாம் போயிடுச்சி."

வாயைத் திறப்பதற்குள் என்று எழுதிவிட்டேன். அது பொய். எனக்கு நேரம் இருந்தது. அதற்குப் பிறகும் நிறைய நேரம் இருந்தது. நான் திறக்கவில்லை.

சித்தப்பா அக்காவைத் திட்டியதை எழுத எனக்கு மனமில்லை. திட்டி முடித்து, வழக்கைக் கூப்பிட்டதும் சற்றுப் பொறுத்துக் கூப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன், மதியத்துக்குள் அடித்து முடியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்கு ஓடினார். பத்து மணிக்கு அந்த அம்மா மலையிலிருந்து வந்து சேர்ந்தார். நேற்றுச் சொன்னதையெல்லாம் இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்று அக்கா சொன்னதும் அந்த அம்மா திரையைப் பார்த்தார்.

"மிஷினு வெச்சிக்கலயா?"

"இல்லீங்கம்மா."

உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். நேற்று ஒரு நாள் முழுக்கச் சொன்னது இன்று ஒரு மணி நேரத்தில் முடிந்தது. எந்த வருடம் பட்டா கொடுத்தார்கள், யார் யார் உழுதார்கள், வேலி போட்ட அன்று யார் இருந்தார்கள், எல்லாம் வற்றிப்போய் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கையை நீட்டிக் கன்ட்ரோலும் எஸ்ஸும் அமுக்கிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அது எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. கிழக்கே ஓடை. வடக்கே சாமைக்காடு. தெற்கே வண்டிப்பாதை. மேற்கே கடுக்காய் மரம்.

"அவ்ளோதாங்க" என்றார்.

அக்கா மெதுவாகக் கேட்டார். "அந்த மரத்தடியில… நேத்து சொன்னீங்களே, பாப்பா…"

"அது வேணாம்."

"சார் அதான் முக்கியம்னு சொன்னாருங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், எனக்கு ஞாபகம் இருக்கு, நானே அடிச்சிடறேன். கடைசில படிச்சிக் காட்டும்போது கேட்டுட்டு தலையாட்டினா போதும்."

"வேணாங்க." குரல் உயரவில்லை. "இருவத்தாறு வருசமா ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. நேத்து கோர்ட்டுக்குன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு மேல போனதுலருந்து, அத வித்துட்டு வந்த மாதிரி இருக்கு எனக்கு. இப்ப பாத்தா மிஷினே வேணாம்னு தள்ளிடுச்சி. அந்தப் புள்ளையே வேணாம்னு சொல்ற மாதிரி இருக்கு. எழுதாதீங்க."

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இரண்டு அர்த்தம் இருந்திருக்கலாம், எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. நீ சொல்லேன் என்பது. மிஷின் தள்ளவில்லை அம்மா, புள்ளையும் ஒன்றும் சொல்லவில்லை, நான் வைத்த ஒரு சொல்லால் வந்த வினை என்று ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் சற்றுமுன் கத்தியது எதற்கு என்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கும் தெரிந்துபோகும். நான் கன்ட்ரோலும் எஸ்ஸும் அமுக்கினேன்.

"அவங்க சொல்லாதத நான் அடிக்க மாட்டேன் தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு அக்கா பிரின்ட் கொடுத்தார். படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி, மதியத்துக்கு மேல் தாக்கல் செய்தோம். வழக்கு பிழைத்தது. மேற்கெல்லை ஒரே வரியில் நின்றது.

அந்த வாரமே உட்கார்ந்து மொழிபெயர்ப்பைத் திருத்தினேன். அக்காவிடமே என்ன எழுதலாம் என்று கேட்டேன். "ஜன்னல் மட்டும்தான், எழுத்து இல்லன்னு போடு. பயந்துக்கினு ரெண்டு தபா படிப்பாங்க" என்றார். 'திறந்திருக்கும் ஜன்னல்களின் இடத்தை மட்டும் நினைவில் வை, எழுதியதைத் தனியாகச் சேமிக்கவும்' என்று எழுதினேன். பட்டனுக்குள் அடங்கவில்லை. அடங்காவிட்டால் போகட்டும் என்று அனுப்பினேன். இன்னொரு தமிழர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது ஏறும் என்பது விதி. இன்னொரு தமிழர் இல்லை. எல்லோரையும் பேசிப் பேசித் துரத்தியவன் நான்தானே. என் திருத்தத்துக்கு எதிரே 'நிலுவையில்' என்று எழுதியிருக்கிறது. அதுவும் என் மொழிபெயர்ப்பு. எரிச்சலில் கணினியை அணைத்துவிட்டு எழுந்துபோன நாட்கள் உண்டு.

சித்தப்பா ஆபீசில் அதற்குப் பிறகு அக்கா அந்த டிக்கைப் போடவே இல்லை, ஆனால் அன்று சேமித்த அமர்வை யாரும் அழிக்கவும் இல்லை. தினமும் காலையில் அந்த வாக்குமூலம் அதே மூலையில் தானாகத் திறந்துகொண்டது. அக்கா அதை மூடிவிட்டு வேலையை ஆரம்பிப்பார். ஒரு வரிக் கட்டளையில் நான் அதை நிறுத்தியிருக்கலாம். அவர் கேட்கவில்லை, நானும் செய்யவில்லை.

மூன்று வாய்தா போனது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "மேற்கில் ஒரு மரம் இருக்கிறது என்பதைத் தவிர அது உங்கள் நிலம்தான் என்பதற்கு வேறு அடையாளம் எதுவும் இல்லை, சரிதானே?" என்று கேட்டாராம். அந்த அம்மா பேசாமல் நின்றாராம். அவர் சாட்சியம் அதோடு முடிந்தது. சித்தப்பா வந்து சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. படியிறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

வெள்ளிமலை பஸ் நிற்கும் இடத்தில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். வக்கீலின் அண்ணன் மகன் என்று சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டு நகர்ந்து இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். டைப்பிஸ்ட் அக்கா தப்பாக எதையும் அமுக்கவில்லை என்று. மிஷின் எதையும் தள்ளவில்லை என்று. அதில் ஒரு சொல்லை நான் தப்பாக எழுதி வைத்திருந்தேன், அதைப் படித்துவிட்டுத்தான் அவர் ஏமாந்தார், எல்லாம் என் தப்பு என்று.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் திட்டு வாங்க வேண்டும்போல இருந்தது.

"அப்ப அது வேணாம்னு சொல்லலயா?"

"இல்லம்மா."

"புள்ளயும் சொல்லல."

"இல்லம்மா."

பஸ் வந்து நின்றது. மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். படியில் ஒரு கால் வைத்தபின் திரும்பினார்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா, இன்னொரு தபா சொல்லியிருப்பனே தம்பி."